புகை டெஸ்ட்டில் தோற்ற பழைய கார்: டெஸ்ட் ரிசல்ட் சீட்டில் உள்ள எண்ணை வைத்துப் பழுதைப் பிடிப்பது

கார் புகை டெஸ்ட்டில் ஃபெயில் ஆனதும் நேராக மெக்கானிக்கிடம் போய் "ஃபெயில் ஆயிடுச்சுண்ணே, கொஞ்சம் பாருங்க" என்று விட்டுவிட்டு வருகிறோம். அவர் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரில் ஒரு ஸ்க்ரூவைத் திருகுவார், அடுத்த முறையும் ஃபெயில் ஆனால் கார்பரேட்டரையே மாற்றச் சொல்வார். மெஷினில் என்ன எண் வந்தது என்று வண்டிக்காரரும் பார்த்திருக்க மாட்டார், மெக்கானிக்கும் கேட்டிருக்க மாட்டார். பாதிப் பழுதை அந்த எண்ணே காட்டிக் கொடுத்துவிடும். பெட்ரோல் வண்டி என்றால் சிஓ (கார்பன் மோனாக்ஸைடு) எத்தனை சதவீதம், ஹெச்சி (ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல்) எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), இந்த இரண்டையும் குறித்துக்கொண்டு வாருங்கள். சீட்டு தராவிட்டால் திரையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினில் கார்பன் டை ஆக்ஸைடு, ஆக்சிஜன் எண்களும் தெரிந்தால் அதையும் சேர்த்து எடுங்கள், கீழே வேலைக்கு ஆகும். மெஷினின் குழாயை சைலன்சருக்குள் விடாமலே சான்றிதழ் அடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு எந்தப் பழுதையும் கண்டுபிடிக்க முடியாது.

முதலில், உங்கள் வண்டிக்கு வரம்பு என்ன?

பிஎஸ் என்றால் பாரத் ஸ்டேஜ், புகைக்கு அரசு வைத்த தரநிலை. பிஎஸ்-2க்கு முந்தைய பெட்ரோல் கார் என்றால் ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) சிஓ 3 சதவீதம், ஹெச்சி 1500 பிபிஎம் வரை விடுவார்கள். பிஎஸ்-2, பிஎஸ்-3 வண்டிகளுக்கு சிஓ 0.5, ஹெச்சி 750. பிஎஸ்-4க்கு சிஓ 0.3, ஹெச்சி 200, அதோடு 2500 ஆர்பிஎம்மில் இன்னொரு சோதனையும் உண்டு. டீசலுக்குப் புகையின் அடர்த்தியைப் பார்ப்பார்கள், பிஎஸ்-4க்கு முந்தையது 2.45, பிஎஸ்-4 என்றால் 1.62.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சென்னையில் பிஎஸ்-2 விதி 2001-லேயே வந்துவிட்டது, தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கு 2005 ஏப்ரலில்தான் வந்தது. அதனால் 2003-ல் வாங்கிய ஒரே மாடல் கார் இரண்டு, ஒன்று சென்னையில் வாங்கியது, ஒன்று வெளியூரில் வாங்கியது என்றால், இரண்டுக்கும் வரம்பு வேறாக இருக்கலாம். சிஓ 1.8 வந்து ஃபெயில் என்று சொன்னால், உங்கள் வண்டியைக் கணினியில் எந்தப் பிரிவில் போட்டார்கள் என்று முதலில் பாருங்கள். பழைய வண்டியை பிஎஸ்-3 என்று போட்டிருந்தால் பழுது இன்ஜினில் இல்லை, ஆர்சி விவரத்தில் இருக்கிறது. அதை ஆர்டிஓ ஆபீசில்தான் சரி செய்ய வேண்டும்.

எந்த எண் அதிகமாக வந்திருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

இன்ஜின் நன்றாகச் சூடேறாமல் டெஸ்ட்டுக்குப் போகாதீர்கள். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியுள்ள பெட்ரோல் பங்குக்குப் போய் டெஸ்ட் எடுத்து ஃபெயில் ஆகிறவர்கள் ஏராளம். இருபது நிமிடமாவது மெயின் ரோட்டில் ஓட்டிவிட்டு நேராகப் போங்கள். வரிசை இருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகாமல், உங்கள் முறை வருவதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் 2000, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வையுங்கள். கன்வெர்ட்டர் (சைலன்சர் வரிசையில் புகையைச் சுத்தம் செய்யும் டப்பா) உள்ள வண்டி என்றால் இது ரொம்ப முக்கியம். அது சுமார் 300 டிகிரியைத் தொட்ட பிறகுதான் வேலையே செய்யும், சும்மா ஐட்லிங்கில் நின்றால் ஆறிவிடும். ஏசி, ஹெட்லைட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஏர் ஃபில்டர் எப்போது மாற்றினோம் என்றே நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயில் கருத்துப்போய்க் கெடு தாண்டியிருந்தால் அதையும் டெஸ்ட்டுக்கு முன்பே மாற்றுங்கள், ஏன் என்பது கீழே வருகிறது.

இதை எல்லாம் செய்த பிறகும் ஃபெயில் என்றால்தான் கீழே உள்ளது.

சிஓ அதிகம், ஹெச்சி வரம்புக்குள்

பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது அல்லது காற்று போதவில்லை, அவ்வளவுதான். பற்றவைப்பு நன்றாக இருக்கிறது என்பதால் பிளக், ஒயர் பக்கம் போய்க் காசு செலவழிக்க வேண்டாம்.

கார்பரேட்டர் வண்டி என்றால்

இன்ஜின் சூடாக இருக்கும்போது ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி கார்பரேட்டர் வாயைப் பாருங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். சோக் தகடு (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றை மறிக்கும் தகடு) நேராக நிமிர்ந்து முழுதும் திறந்திருக்க வேண்டும். சற்றே சாய்ந்து நின்றால்கூட சிஓ ஏறும். கையால் இழுக்கும் சோக் உள்ள வண்டியில் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிடும், டேஷ்போர்டில் குமிழ் முழுதாக உள்ளே போனது போல்தான் தெரியும். தானாக இயங்கும் சோக்கில் தூசும் பிசினும் சேர்ந்து தகடு இறுகியிருக்கும், கார்பரேட்டர் கிளீனர் அடித்து அசைத்துவிட்டால் பல நேரம் கதை முடிந்தது.

சோக் சரி என்றால், ஐட்லிங்கில் ஓட விட்டு அதே வாயில் நடுவில் உள்ள நாசிலைப் பாருங்கள். ஐட்லிங்கில் அங்கிருந்து பெட்ரோல் சொட்டக் கூடாது. சொட்டினால் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் அளவைப் பிடிக்கும் ஃப்ளோட்டின் மட்டம் ஏறியிருக்கிறது அல்லது நீடில் வால்வு தேய்ந்துவிட்டது. நீடில் வால்வு சின்னப் பொருள், கார்பரேட்டர் கிட்டோடு வரும். இதை மாற்றாமல் ஸ்க்ரூவை மட்டும் திருகி டெஸ்ட் பாஸ் பண்ணினால் அடுத்த ஆறு மாதத்தில் மறுபடி இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

அடுத்து ஆயில். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், ஆயிலில் கலந்த பெட்ரோல் ஆவியாகி பிரீதர் குழாய் வழியாகத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே போகிறது. டெஸ்ட் எடுக்கிற இடத்திலேயே இதைச் சோதிக்கலாம்: மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரீதர் குழாயை ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து உருவி, அந்தப் பக்கத்து ஓட்டையைத் துணியால் அடைத்துக்கொண்டு எண்ணைக் கவனியுங்கள், சிஓ சட்டென்று இறங்கினால் குற்றவாளி ஆயில்தான். மாற்றிவிட்டு வாருங்கள். ஆனால் பெட்ரோல் ஏன் ஆயிலில் இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய கார்பரேட்டர் கார்களில் இன்ஜினோடு சேர்ந்து ஓடும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இவ்வளவும் சரி என்றால்தான் மிக்ஸர் ஸ்க்ரூ, அதாவது ஐட்லிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ. இப்போதைய நிலையை மார்க் பண்ணிக்கொள்ளுங்கள். முழுதாக உள்ளே போக எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு பழைய இடத்துக்கே கொண்டு வாருங்கள், அழுத்தி இறுக்கினால் ஊசி முனை கெட்டுவிடும். கார் கார்பரேட்டர்களில் பெரும்பாலும் உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். பைக்கின் ஏர் ஸ்க்ரூவில் இது நேர்மாறாக இருக்கும் என்பதால் பைக் மெக்கானிக்கிடம் கார் கார்பரேட்டரைக் கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாமல், திருகிய பின் அரை நிமிடம் பொறுங்கள், ஏனென்றால் புகை குழாய் வழியாகப் போய் மெஷின் எண்ணை மாற்றிக் காட்டக் கொஞ்ச நேரம் ஆகும். ஐட்லிங் 800, 900 ஆர்பிஎம்முக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஸ்க்ரூவை முழுதும் மூடினாலும் சிஓ இறங்கவில்லை என்றால் பெட்ரோல் வரும் சின்னப் பித்தளை ஓட்டையான ஜெட்டுதான். யாரோ எப்போதோ அடைப்பெடுக்கிறேன் என்று ஜெட்டுக்குள் கட்டுக்கம்பியை விட்டுக் குத்தியிருப்பார்கள். பித்தளை மெத்தென்ற உலோகம், ஓட்டை பெரிதாகிவிட்டால் பெரிதானதுதான். காற்றடித்தும் கிளீனரில் ஊறவைத்தும்தான் ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும், கம்பியை எடுக்கிற மெக்கானிக்கிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஜெட் மாற்றும் வேலையை கார்பரேட்டர் மட்டும் பார்க்கிற கடையில் கொடுப்பது நல்லது. முழு கார்பரேட்டரையும் மாற்றச் சொன்னால், மேலே சொன்ன ஒவ்வொன்றையும் பார்த்தாரா என்று கேளுங்கள்.

எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளவு பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டி என்றால்

முதலில் சாவியை ஆன் செய்து, இன்ஜின் செக் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள், செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் இது நடக்கும்.

அப்புறம் தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு மூடியை மாட்டிவிடும் வழக்கம் இங்கே அதிகம். அதன் பிறகு தண்ணீர் நிற்காமல் சுற்றி, இன்ஜின் அதற்குரிய சூட்டுக்கு வரவே வராது, கம்ப்யூட்டர் இன்னும் குளிர்ந்த இன்ஜின் என்றே நினைத்துப் பெட்ரோலை அள்ளி ஊற்றும். ஹைவேயில் போகும்போது டெம்பரேச்சர் முள் கீழே இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் தெர்மோஸ்டாட் இல்லை அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. சில நூறு ரூபாய்ப் பொருள். மைலேஜும் சேர்ந்து ஏறும், அதனால் டெஸ்ட் இல்லாவிட்டாலும் மாட்டத்தான் வேண்டும்.

முள் சரியாக நின்றும் சிஓ அதிகம் என்றால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை மல்டிமீட்டரில் பாருங்கள். மாருதி போன்ற வண்டிகளில் ஆறிய நிலையில் 2000, 3000 ஓமும், நன்றாகச் சூடானதும் 300 ஓம் பக்கமும் வரும். சூட்டிலும் ஆயிரங்களில் நின்றால் சென்சார் போயிற்று. பெட்ரோல் ரெகுலேட்டரில் சின்ன வேக்கம் குழாய் ஒன்று வரும், அதை உருவிப் பார்க்கும்போது உள்ளே ஈரமாகப் பெட்ரோல் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. ஆக்சிஜன் சென்சார் கடைசியில். இன்ஜின் சூடாக ஓடும்போது அதன் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நின்றால் சந்தேகம். ஆனால் மேலே சொன்னதைப் பார்க்காமல் இதை மாற்றாதீர்கள், விலையும் அதிகம், பல நேரம் அது உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டுதான் இருக்கும். இதற்கு மேல் ஸ்கேனர் உள்ள இடம்தான். இன்ஜெக்டரில் ஒழுகலைக் கண்டுபிடிப்பது வீட்டில் ஆகிற வேலை இல்லை.

ஹெச்சி அதிகம், சிஓ சரி அல்லது ரொம்பக் குறைவு

எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே வருகிறது. பற்றவைப்பு தவறுகிறது, அல்லது கலவையில் காற்று அதிகமாகி நெருப்பு பிடிக்காமல் போகிறது. காதுக்கு மிஸ்ஸிங் கேட்காமலும் இருக்கலாம். சைலன்சர் வாய்க்குப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள், புகை ஒரே சீராக வராமல் இடையிடையே விட்டு வந்தால் மிஸ்ஸிங்தான்.

பிளக்கைக் கழற்றி வரிசை மாறாமல் வையுங்கள். எல்லாம் இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் ஈரமாகவோ கருப்பாகவோ இருந்தால் அந்த சிலிண்டரில்தான் கோளாறு. அந்தப் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோளாறு பிளக்கோடு சேர்ந்து நகர்ந்தால் பிளக், நகராவிட்டால் ஒயரை அதேபோல் மாற்றிப் பாருங்கள். ஓடுகிற இன்ஜினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை வேண்டாம். எலக்ட்ரானிக் இக்னிஷனில் காயிலும் மாட்யூலும் போகலாம், கன்வெர்ட்டர் இருந்தால் எரியாத பெட்ரோல் உள்ளே போய் அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் மூடியைத் திறந்து உள்ளே கருப்புக் கோடு, விரிசல் இருக்கிறதா, ரோட்டார் முனை தேய்ந்திருக்கிறதா பாருங்கள். இரவில் பானட்டைத் திறந்து வைத்து விளக்கில்லாமல் பார்த்தால் ஒயரிலிருந்து நெருப்புப் பொறி கசிவது கண்ணுக்கே தெரியும். அம்பாசிடர், பத்மினி போன்ற சி.பி. பாயிண்ட் வண்டி என்றால் பாயிண்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். அதன் பிறகு டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம். பிக்கப்புக்காக டைமிங்கை முன்னால் தள்ளி வைத்திருந்தால் ஹெச்சி ஏறும், டைமிங் லைட் வைத்துப் பார்த்துக் கம்பெனி சொன்ன இடத்துக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்து, சிஓ 0.1, 0.2 என்று ரொம்பக் கீழே இருந்தால், ஐட்லிங்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், எங்கோ காற்று உள்ளே கசிகிறது. இன்டேக் மேனிஃபோல்டின் ஓரம், கார்பரேட்டருக்கு அடியில், வேக்கம் குழாய்களின் முனை, எல்லா இடத்திலும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பெட்ரோலையோ கிளீனரையோ அடிக்காதீர்கள், பக்கத்தில் சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறுகிற இடம்தான் ஓட்டை. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை ஒரு நொடி இடுக்கியால் நசுக்கிப் பாருங்கள், ஐட்லிங் சரியானால் பூஸ்டர் பக்கம் கசிவு. அது பிரேக் சம்பந்தப்பட்டது, டெஸ்ட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே சரி செய்யுங்கள்.

இங்கே எத்தனாலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், சாதாரண பெட்ரோலுக்கு செட் செய்த பழைய கார்பரேட்டரில் கலவை தானாகவே காற்றுப் பக்கம் சாய்ந்துவிடும். எத்தனை பிளக் மாற்றினாலும் ஹெச்சி இறங்காத, சிஓ ரொம்பக் குறைவாகக் காட்டுகிற வண்டியில் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள், சிஓ கொஞ்சம் ஏறி ஹெச்சி நன்றாக இறங்கினால் விஷயம் அதுதான். பழைய ரப்பர் குழாய்களும் எத்தனாலில் ஊறி உப்பும், வெடிக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி என்றால் டாங்கில் உள்ளதை இறக்கிவிட்டுப் புதிதாக அடித்த பிறகு டெஸ்ட்டுக்குப் போங்கள்.

கடைசியில் வால்வும் ரிங்கும். டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ளது) குறைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. எல்பிஜியில் ஓடிய வண்டிகளில் இது சகஜம். டாப்பெட் செட் செய்வது ஒரு காலை நேர வேலைதான், இதைச் செய்யாமல் ஹெட்டை இறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்புறம் கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளப்பது. ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இங்கே நிறுத்திவிட்டு இன்ஜின் வேலை பார்க்கிறவரிடம் போங்கள். செலவு வண்டியின் விலையை நெருங்குமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டுமே அதிகம்

முதலில் சிஓவுக்குச் சொன்னதைச் செய்யுங்கள். பெட்ரோல் மிதமிஞ்சிப் போனால் பிளக் நனைந்து ஹெச்சியும் சேர்ந்து ஏறும், சிஓவை இறக்கினால் பல நேரம் ஹெச்சி தானாக இறங்கிவிடும்.

இன்ஜின் சுத்தமாக ஓடுகிறது, ஆனாலும் சிஓ 0.5-க்குள் வரமாட்டேன் என்கிறது என்றால் கன்வெர்ட்டரைச் சந்தேகப்படலாம். ஆறிய பிறகு அடியிலிருந்து ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள், உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் உடைந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லாமல் வெற்று டப்பா போல் ஒலித்தால் யாரோ குடைந்து காலி செய்திருக்கிறார்கள். புது கன்வெர்ட்டர்தான் இந்த வரிசையில் விலை அதிகமான பொருள். அது கெட்டதற்கான காரணத்தை, அதாவது மிஸ்ஸிங்கையோ ஆயில் எரிவதையோ, சரி செய்யாமல் புதியதை மாட்டினால் அதையும் கெடுப்பீர்கள்.

எண்களே நம்பும்படி இல்லை, மெஷின் ஏற்கவில்லை

கார்பன் டை ஆக்ஸைடு 13-லிருந்து 15 சதவீதத்துக்குள் வரவேண்டியது 8, 9 என்று நின்று ஆக்சிஜனும் அதிகம் என்றால், சைலன்சரில் ஓட்டை இருந்து வெளிக்காற்று கலக்கிறது, அல்லது குழாயைச் சரியாக உள்ளே விடவில்லை. ஓர் அடி ஆழத்துக்காவது உள்ளே போகவேண்டும். தடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி அடைத்துப் பாருங்கள், அடியில் எங்காவது புஸ் என்ற சத்தம் கேட்டால் அங்கே வெல்டிங். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு இந்தச் சோதனை எதையும் செய்யாதீர்கள், சிஓ ஆளைக் கொல்லும், வாடையும் இருக்காது.

ஐட்லிங்கில் பாஸ், 2500-ல் ஃபெயில்

இது பிஎஸ்-4 வண்டிக்காரர்களுக்கு. லாம்டா (காற்று, பெட்ரோல் கலவையைக் காட்டும் எண், 1 என்றால் சரியான கலவை) 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 1.03-க்கு மேல் போனால் எக்ஸாஸ்ட் கசிவு, அல்லது இன்டேக்கில் காற்றுக் கசிவு. 0.97-க்குக் கீழ் என்றால் ஏர் ஃபில்டர், அப்புறம் சென்சார்கள். இந்த வண்டிகளில் ஸ்கேனர் மாட்ட ஓபிடி சாக்கெட் இருக்கும், கையில் எதையும் கழற்றும் முன் அதில் பதிவாகியுள்ள எரர் கோடைப் படிக்க வையுங்கள்.

டீசல்: புகை எண் அதிகம்

டெஸ்ட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிப்பார்கள், பலமுறை. டைமிங் பெல்ட் உள்ள டீசல் கார் என்றால், பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாமல் இதற்கு ஒப்புக்கொடுக்காதீர்கள், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போகும்.

ஊருக்குள்ளேயே மெல்ல ஓடிய வண்டியின் சைலன்சரில் கரி அடைந்திருக்கும். டெஸ்ட்டுக்கு முன் பைபாஸில் அரை மணி நேரம் ஒரு கியர் குறைத்து ஆர்பிஎம் ஏற்றி ஓட்டிவிட்டு நேராக வந்தாலே எல்லைக்கோட்டில் நிற்கிற பல வண்டிகள் பாஸாகிவிடும். கரும்புகை அப்போதும் வந்தால் ஏர் ஃபில்டர், டர்போ இருந்தால் அதன் ரப்பர் குழாயில் கிழிசல், இஜிஆர் வால்வில் (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் வால்வு) கரி, இந்த வரிசையில் பாருங்கள். அதற்கு அப்புறம் நாசில்களைக் கழற்றி பம்ப் கடையில் பிரஷர் பார்க்கக் கொடுக்கலாம். பிக்கப்புக்காகப் பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்திருந்தால் அங்கேயே பழைய அளவுக்கு இறக்கித் தருவார்கள். பம்ப்பின் சீல் வைத்த ஸ்க்ரூவை நீங்களோ உள்ளூர் மெக்கானிக்கோ தொட வேண்டாம், பெஞ்சில் வைத்து அளக்காமல் அது சரியாக வராது.

புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது: ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் வால்வு சீல், டர்போ, ரிங். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். அந்த வண்டியை டெஸ்ட்டுக்கு ஓட்டிப் போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.